பார்க்கின்சனுக்கு ஆயுர்வேதம்: அப்பாவின் மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒரு முறை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 66 வயது. வலது கை நடுக்கத்தில் ஆரம்பித்து, நடை குறுகி, மூன்று வருடத்துக்கு முன்னால் நரம்பியல் மருத்துவர் பார்க்கின்சன் என்று சொல்லியிருக்கிறார். லெவோடோபா 100, கார்பிடோபா 25 மில்லிகிராம் சேர்ந்த சின்டோபா மாத்திரை நாளைக்கு மூன்று வேளை சாப்பிடுகிறார். இப்போது கொஞ்ச நாளாக அடுத்த வேளை வருவதற்குள் மாத்திரையின் வேகம் இறங்கிவிடுகிறது. உங்கள் பெரியப்பா மகன் கேரளாவில் ஒரு வைத்தியசாலையைச் சொல்கிறார். அங்கே 28 நாள் பஞ்சகர்மா என்ற உடம்பைச் சுத்தப்படுத்தும் சிகிச்சை, அப்புறம் வீட்டில் பூனைக்காலி சேர்ந்த மருந்து, முழுசாகக் குணமாகிவிடும், ஆனால் உள்ளே நுழைந்த அன்றைக்கே ஆங்கில மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்கிறார்களாம். போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள்ளே நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த நோயை நிறுத்த ஒரு வழி எங்கேயோ இருந்து, தெரியாமல் நாம் அப்பாவை விட்டுவிடுகிறோமோ என்பதுதான் அது. என்னிடம் வருகிற எல்லாப் பிள்ளைகளும் கடைசியில் இதில்தான் வந்து நிற்பார்கள்.

நான் ஆயுர்வேதம் படித்தவன். நாகர்கோவில் பக்கத்தில் பல வருடமாக வைத்தியம் பார்க்கிறேன், நடுக்குவாத நோயாளிகளை நரம்பியல் மருத்துவர்களோடு சேர்ந்து பார்த்துவருகிறேன். அந்த இடத்தில் நின்று சொல்கிறேன்: ஆயுர்வேதம் அப்பாவுக்கு உதவும், பல விஷயங்களில் நன்றாகவே உதவும். ஆனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பல வருடம் லெவோடோபா சாப்பிட்டவருக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு கட்டை மாதிரி விறைத்து, காய்ச்சல் ஏறி, தசை சிதைந்து, சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கிற ஒரு நிலை வரலாம். உயிர் போயிருக்கிறது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. யார் எந்தக் காரணம் சொன்னாலும், உடம்பைச் சுத்தப்படுத்த வேண்டும், ரசாயனம் வெளியேற வேண்டும் என்றெல்லாம் சொன்னாலும், நுழைந்த அன்றே மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடத்துக்கு அப்பாவை அழைத்துப் போகாதீர்கள். நல்ல வைத்தியர் அப்படிச் சொல்ல மாட்டார்.

நோயைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் 1817-இல் இதை விவரித்து எழுதினார். மூளையின் நடுத்தண்டில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்கே அசைவுக்கான செய்தியைக் கடத்தும் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. கை நடுங்க ஆரம்பிக்கும்போதே அந்தச் செல்களில் பெரும்பங்கு போயிருக்கும். அதனால்தான் மலச்சிக்கல், மோப்பம் குறைவது, தூக்கத்தில் கத்திக்கொண்டு கைகாலை உதறுவது எல்லாம் நடுக்கத்துக்குப் பல வருடம் முன்னாலேயே வந்துவிடுகின்றன. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், ஏதாவது ஒன்று இருந்திருக்கும். லெவோடோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறி, குறைந்ததை ஈடுகட்டுகிறது. செல் அழிவதை அது நிறுத்துவதில்லை. நிறுத்துகிறது என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றைக்கு அலோபதியில் இல்லை, ஆயுர்வேதத்தில் இல்லை, சித்தாவிலும் இல்லை. எதையும் நீங்கள் தவறவிட்டுவிடவில்லை. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

ஆயுர்வேதம் இதை வாத நோயாகப் பார்க்கிறது. சரகர் எண்ணிச் சொல்கிற எண்பது வாத நோய்களில் நடுக்கமும் ஒன்று. மாதவ நிதானம் என்ற பழைய மருத்துவ நூல் வேபது என்ற பெயரில் அதைச் சொல்கிறது, பிற்காலத்தில் கம்பவாதம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நம் சித்த மரபிலும் யூகி முனிவர் வாதத்தை எண்பதாகப் பிரிக்கிறார். இந்தப் பார்வையில் எனக்கு மதிப்பு உண்டு. முதுமையில் வாதம் மிகும், மலம் கட்டினால் வாதம் கெடும், உலர்ந்து விறைத்த உடம்புக்கு எண்ணெயும் சூடும் வேண்டும் என்று அது சொல்வது நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றால் உண்மையாகவே தெரிகிறது. ஆனால் பழைய நூல் சொல்லும் நடுக்கமும் இன்றைய பார்க்கின்சனும் அப்படியே ஒன்றுதான் என்று என்னால் சொல்ல முடியாது. மாதவ நிதானம் உடம்பு முழுக்க நடுங்குவதையும் தலை ஆடுவதையும் சொல்கிறது. பார்க்கின்சனில் தலை ஆடுவது அபூர்வம், தாடையும் உதடும்தான் நடுங்கும். தலை ஆட்டம் அதிகமாக வருவது வேறொரு நடுக்க நோயில். அது பலருக்குக் குடும்பவழியாக வரும், கையில் டம்ளரைப் பிடிக்கும்போது கூடும், பார்க்கின்சன் அளவுக்கு மோசமாகப் போகாது. நடுக்கம் முழுசாகப் போய்விட்டது என்று விளம்பரத்தில் பேசுகிற பலருக்கு இருந்தது இந்த நடுக்கமா, வேறு ஏதாவதா என்று யாரும் கேட்பதில்லை. ஐந்தாயிரம் வருடமாகப் பார்க்கின்சனைக் குணப்படுத்தி வருகிறோம் என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இப்போது பூனைக்காலிக்கு வருகிறேன், ஏனென்றால் குழப்பம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. வேலியில் படர்கிற கொடி, காயில் கை பட்டால் அரிப்பு எடுக்கிற சுணை. உள்ளே பளபளப்பான கறுப்பு விதை, சில வகையில் வெள்ளை விதை. பழைய நூல்களில் இது பெரும்பாலும் வீரியத்துக்கும் பலத்துக்குமான மருந்துகளில் வருகிறது, வாத நோய்க்கான சில கஷாயங்களிலும் சேர்கிறது. இந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்துக் காட்டியது நம் ஊர்க்காரர்கள்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் அதைச் செய்தார்கள். அதற்கு முன்பே 1913-இல் சுவிட்சர்லாந்தில் குக்கன்ஹைம் ஒரு வகை அவரையிலிருந்து அதே பொருளை எடுத்திருந்தார். ஆனால் அதற்கும் பார்க்கின்சனுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1967-இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற மருத்துவர் வாய்வழியாக அதிக அளவில் கொடுத்துக் காட்டிய பிறகுதான் அது நிலையான மருந்தானது. ஆக, உங்கள் அப்பா சாப்பிடும் சின்டோபாவில் இருக்கிற முக்கிய மருந்தும் பூனைக்காலி விதையில் இருக்கிற முக்கிய மருந்தும் ஒன்றேதான். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூனைக்காலி கொடுக்கிறவர், கார்பிடோபா இல்லாத, அளவு தெரியாத லெவோடோபாவைக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

அந்தக் கார்பிடோபா ஏன் முக்கியம்? லெவோடோபாவை மட்டும் சாப்பிட்டால் பெரும்பகுதி மூளைக்குப் போகும் முன்பே, குடலிலும் இரத்தத்திலும் டோபமினாக மாறி வீணாகிவிடும். குமட்டலும் வாந்தியும் வருவது அதனால்தான். கார்பிடோபா அதைத் தடுக்கிறது. அது கூட இருந்தால் நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு லெவோடோபாவே போதும். இதை வைத்து வீட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பூனைக்காலி விதையில் எடைக்கு 3 முதல் 6 சதவீதம் வரை லெவோடோபா இருக்கும். ஒரு ஸ்பூன், ஐந்து கிராம் பொடி என்றால் 150 முதல் 300 மில்லிகிராம். தனியாகச் சாப்பிட்டால் இது அப்பாவின் மாத்திரையில் பாதி வேலை செய்யலாம், சில சமயம் அதுவும் இருக்காது. அதே ஸ்பூனைச் சின்டோபாவோடு சேர்த்துச் சாப்பிட்டால், மாத்திரையில் இருக்கிற கார்பிடோபா இந்தப் பொடிக்கும் வேலை செய்யும். அப்போது அந்த ஒரு ஸ்பூன் ஒன்றரை மாத்திரைக்கோ மூன்று மாத்திரைக்கோ சமமாகிவிடலாம். பூனைக்காலியை ‘சத்துக்கு’ என்று பாலில் கலந்து கொடுத்துவிட்டு, அப்பா திடீரென்று கைகாலை நெளிக்கிறார், சுவரில் ஆள் நிற்கிறது என்கிறார், எழுந்தால் தலை சுற்றி விழுகிறார் என்று ஓடிவருகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நோய் முற்றிவிட்டது என்று அழுவார்கள். டப்பாவைக் காட்டச் சொன்னால் விஷயம் தெரிந்துவிடும்.

பூனைக்காலி வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை, கண்டிப்பாக வேலை செய்கிறது. 2004-இல் லண்டனில் வெறும் எட்டுப் பேரை வைத்து நடந்த கவனமான ஆய்வு ஒன்று உண்டு. 30 கிராம் பூனைக்காலித் தயாரிப்பு 200 மில்லிகிராம் லெவோடோபாவும் 50 மில்லிகிராம் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்ய ஆரம்பித்தது, அரை மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாக நீடித்தது, உடம்பு நெளிவதும் அதிகமாகவில்லை. பொலிவியாவில் மாத்திரை வாங்க வழியில்லாத நோயாளிகளுக்காகவே 2017-இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரு வேளை மருந்து என்ற அளவில் வறுத்த விதைப்பொடி மாத்திரைக்குக் குறையாமல் வேலை செய்தது. படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதே குழு அடுத்த வருடம் 14 பேருக்குத் தினமும் கொடுத்துப் பார்த்தபோது பாதிப் பேர், அதாவது ஏழு பேர், பூனைக்காலியில் தொடர முடியாமல் விலகினார்கள். நான்கு பேருக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை, மூன்று பேருக்கு அசைவு மோசமாகிக்கொண்டே போனது. ஒரு வேளைக்குக் கிடைத்த பலனை வைத்து வருடக்கணக்கான வைத்தியத்தை முடிவு செய்யக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வு எனக்குத் தெரியாது.

இன்னொரு சிக்கல், பொடிக்குப் பொடி அளவு மாறும். விதையை எந்த மண்ணில் எடுத்தார்கள், தோல் நீக்கினார்களா, சாஸ்திரப்படி பாலில் வேகவைத்துச் சுத்தி செய்தார்களா என்பதையெல்லாம் பொறுத்து லெவோடோபா கூடும், குறையும். வேகவைத்த நீரை இறுத்துவிட்டால் அதோடு கொஞ்சம் போய்விடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த விதையை உணவாகச் சாப்பிடும் பழங்குடி மக்கள் திரும்பத் திரும்ப வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். வீட்டில் பொடியைத் தண்ணீரில் கலந்து சற்று நேரம் வைத்தால் கறுத்துவருவதைப் பார்க்கலாம், லெவோடோபா காற்றுப்பட்டு வேறொன்றாக மாறுவது அது. காலையில் கலந்து வைத்து மாலையில் குடித்தால் காலையில் இருந்த மருந்து இருக்காது. நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிற பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் நோயாளிகளில் சிலருக்கு நான் பூனைக்காலி கொடுக்கிறேன். லெவோடோபா அளவு அச்சிட்டு வருகிற தயாரிப்பை மட்டும், நரம்பியல் மருத்துவருக்குச் சொல்லி, மாத்திரையின் அளவோடு சேர்த்துக் கணக்கிட்டு. அதற்கு மேல் போக எனக்குத் துணிவில்லை.

பூனைக்காலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் சர்ப்பகந்தாவைப் பற்றிப் பேசுவதில்லை, அது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. இரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் நம் மரபில் கொடுக்கிற வேர் அது. அதிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற பொருள் மூளையில் டோபமின் சேமிப்பைக் காலி செய்துவிடும். 1957-இல் ஸ்வீடனில் அர்வித் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார், அவை அசையாமல் சுருண்டு கிடந்தன. பிறகு டோபாவைக் கொடுத்ததும் எழுந்து ஓட ஆரம்பித்தன. டோபமினின் வேலையை உலகத்துக்குக் காட்டிய அந்தப் பணிக்காக அவருக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே அப்பாவுக்கு யாராவது தூக்கத்துக்கோ பிரஷருக்கோ மூலிகை மாத்திரை கொடுத்தால், சர்ப்பகந்தா இருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள், இருந்தால் வேண்டாம். இதே எச்சரிக்கை அலோபதி மருந்துகளிலும் உண்டு. தலைசுற்றலுக்கு மெடிக்கல் ஷாப்பில் சும்மா வாங்கிப் போடும் ஸ்டெமெட்டில், சின்னாரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, இவையெல்லாம் டோபமினைத் தடுப்பவை. இவற்றாலேயே பார்க்கின்சன் மாதிரி நடுக்கமும் விறைப்பும் வந்து, நிறுத்தியதும் சில மாதத்தில் சரியாகிப் போனவர்கள் நிறையப் பேர். ஆயுர்வேதத்தில் பார்க்கின்சன் முற்றிலும் குணமானது என்று ஊரில் பேசப்படுகிற சில கதைகளுக்குப் பின்னால் இதுதான் இருக்கிறது. வைத்தியசாலையில் சேர்ந்தபோது எல்லா மாத்திரையும் நின்றது, அதில் இதுவும் நின்றது, ஆள் தேறிவிட்டார்.

சரி, பஞ்சகர்மா. 28 நாள் என்று உங்கள் உறவினர் சொன்னதற்கு ஒரு மூலம் இருக்கலாம். 2000-இல் நம் நாட்டு ஆய்வு ஒன்று வெளிவந்தது. 18 நோயாளிகள், அதில் 13 பேருக்கு 28 நாள் சோதனம் என்ற உடம்பைச் சுத்தப்படுத்தும் சிகிச்சையும் பிறகு 56 நாள் மருந்தும், ஐந்து பேருக்கு மருந்து மட்டும். அந்த மருந்து பூனைக்காலி விதை, குரோசாணி ஓமத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு விதை, அமுக்கரா வேர், குறுந்தொட்டி வேர் ஆகியவற்றைப் பசும்பாலில் காய்ச்சியது. சோதனம் செய்தவர்களுக்குப் பலன் அதிகம் தெரிந்தது. மருந்தைப் பரிசோதித்தபோது ஒரு வேளையில் சுமார் 200 மில்லிகிராம் லெவோடோபா இருந்தது. சோதனம் செய்து குடல் சீரானால் மருந்து நன்றாகப் பிடிக்கும் என்பது என் அனுபவத்துக்கும் ஒத்துப்போகிறது. ஆனால் 18 பேர், ஒப்பிட வெற்று மருந்து, அதாவது மருந்தே இல்லாத மாத்திரை, பெற்ற குழு கிடையாது, யார் எதைப் பெறுகிறார் என்பதும் மறைக்கப்படவில்லை. பார்க்கின்சனில் இது மிகப் பெரிய ஓட்டை. 2001-இல் கனடாவில் மூளையை ஸ்கேன் செய்து காட்டினார்கள்: வெற்று மருந்தை நல்ல மருந்தென்று நம்பி எடுத்துக்கொண்ட பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் உண்மையாகவே டோபமின் சுரந்தது. புது இடம், நாள் முழுக்கக் கவனிப்பு, நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், குணமாகும் என்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்து முதல் மாதம் நிஜமாகவே நடையை லேசாக்கும். வீட்டுக்கு வந்து மூன்றாம் மாதம் எப்படி இருக்கிறார் என்பதைத்தான் நான் கேட்பேன்.

அப்படியானால் ஆயுர்வேதத்தில் என்னதான் கிடைக்கும்? எனக்கு உறுதியாகத் தோன்றுவது மலச்சிக்கல். வயிறு கட்டியிருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், மாத்திரை சிறுகுடலுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும், காலையில் போட்ட மாத்திரை பத்து மணிவரைக்கும் பிடிக்கவில்லை என்பார்கள். இரவில் திரிபலா, ஆளைப் பார்த்துக் கந்தர்வஹஸ்தாதி கஷாயம், தேவைப்பட்டால் மருத்துவர் கண்காணிப்பில் ஆசனவாய் வழியாகச் செலுத்தும் எண்ணெய் வஸ்தி என்று ஒழுங்கு செய்துவிட்டால் அதே மாத்திரை சீராக வேலை செய்வதைப் பார்க்கிறேன். இதற்குப் பெரிய ஆய்வைக் காட்ட என்னால் முடியாது, ஆனால் காரணம் தெளிவாக இருக்கிறது. அடுத்தது எண்ணெய். க்ஷீரபலா அல்லது தன்வந்தரம் தைலத்தை இளஞ்சூடாக்கித் தோள்பட்டை, முதுகு, பின்தொடை எல்லாம் தினம் அரை மணி நேரம் தேய்த்தால் விறைப்பும் வலியும் குறைந்து, இரவில் புரண்டு படுப்பது எளிதாகிறது. பலன் சில மணி நேரம்தான், தினமும் வேண்டும். நெற்றியில் எண்ணெயைத் தாரையாக விடும் சிரோதாரா தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சிலருக்கு நன்றாக இருக்கிறது. அமுக்கரா எலிகளில் நல்ல முடிவு காட்டியிருக்கிறது, மனிதர்களில் பார்க்கின்சனுக்கு என்று நம்பும்படியான சான்று கிடையாது. தைராய்டு தொந்தரவோ கல்லீரல் தொந்தரவோ இருப்பவர்களுக்கு நான் அதைத் தருவதில்லை. பிராமிக்கும் இதே நிலைதான்.

ஆபத்துகளையும் சொல்கிறேன், இவற்றை விளம்பரத்தில் போட மாட்டார்கள். பார்க்கின்சன் நோயாளிக்கு எழுந்து நின்றால் பிரஷர் விழும், மாத்திரையும் அதைக் கொஞ்சம் கூட்டும். அவரை ஆவிப்பெட்டியில் உட்காரவைத்து வியர்க்கவிட்டு, மறுநாள் விரேசனம் என்ற பேதி மருந்து கொடுத்து ஏழெட்டு முறை போகவைத்தால் உடம்பில் நீர் வற்றி மயங்கி விழுவார். எண்ணெய் தேய்த்த காலோடு டைல்ஸ் தரையில் குளியலறைக்கு நடக்கவிட்டு இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் உண்டு. ஒரு கோரைப்பாய், ஒரு துணி, பக்கத்தில் ஒரு ஆள், இவ்வளவு இருந்தால் தடுத்திருக்கலாம். விழுங்கும்போது இருமல் வருகிறவருக்கு மூக்கில் எண்ணெய் விடும் நஸ்யமும் வாந்தி எடுக்கவைக்கும் வமனமும் கூடாது. எண்ணெயோ வாந்தியோ நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகிவிடும். குரோசாணி ஓமம் சேர்ந்த மருந்து நடுக்கத்தைக் கொஞ்சம் அடக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோவும் இதே வகைத் தாவரச் சத்தைத்தான் கொடுத்தார். ஆனால் வயதானவர்களுக்கு அது மனக்குழப்பம், சிறுநீர் அடைப்பு, இன்னும் மோசமான மலச்சிக்கல் எல்லாம் கொண்டுவரும். அப்புறம் ரச மருந்துகள். பிரஹத் வாத சிந்தாமணி மாதிரி பாதரசம் சேர்ந்தவற்றை நான் இந்த நோயில் நீண்ட நாள் கொடுப்பதில்லை. பாதரசமே உடம்பில் சேர்ந்தால் நடுக்கம் தரும். 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் ஆயுர்வேதப் பொருட்கள் 70-ஐ எடுத்துச் சோதித்தபோது 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. என் துறைக்காரர்கள் இதைச் சொன்னால் கோபப்படுகிறார்கள். கோபப்படுவதைவிட ஒவ்வொரு பேட்ச்சையும் சோதித்து அறிக்கையைக் காட்டினால் நல்லது.

ஆங்கில மருந்து ஐந்து வருடத்தில் வேலை செய்யாமல் போய்விடும், அதனால் சீக்கிரம் விட்டுவிட வேண்டும் என்று உங்கள் உறவினர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இந்தப் பயம் பழையது, மருத்துவர்களிடமும் ஒரு காலத்தில் இருந்தது. கானாவில் மருந்து கிடைக்காமல் பல வருடம் தாமதமாக ஆரம்பித்தவர்களை இத்தாலியில் சீக்கிரமே ஆரம்பித்தவர்களோடு ஒப்பிட்டு 2014-இல் ஒரு ஆய்வு வந்தது. மாத்திரையின் வேகம் இடையில் இறங்குவதும் உடம்பு நெளிவதும் நோய் வந்து எத்தனை வருடம் ஆனது என்பதைப் பொறுத்துத்தான் வந்தன, மாத்திரை எத்தனை வருடம் சாப்பிட்டார் என்பதைப் பொறுத்து அல்ல. அப்பாவுக்கு இப்போது நடப்பதும் அதுதான், அதற்கு வழியும் இருக்கிறது. வேளைகளை நெருக்கிக் கொடுப்பது, ரசாஜிலின் மாதிரி இன்னொரு மருந்தைச் சேர்ப்பது என்று நரம்பியல் மருத்துவர் மாற்றித் தருவார். கேரளா டிக்கெட் போடுவதற்கு முன்னால் அவரைப் போய்ப் பாருங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் தண்ணீரில் கொடுங்கள். பால், பருப்பு, முட்டை, இறைச்சியிலிருந்து வரும் புரதம் குடலிலும் மூளை வாசலிலும் லெவோடோபாவோடு போட்டி போடும். பாலோடு மாத்திரை கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் அதிகம், அதை மாற்றினாலே சிலருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை லெவோடோபாவிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள், லோஹம், அதாவது இரும்பு, சேர்ந்த ஆயுர்வேத மருந்துக்கும் நான் அதே இடைவெளியைத்தான் சொல்வேன்.

உடற்பயிற்சியை நோயாளிகள் மருந்தாகவே நினைப்பதில்லை, எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. தாய்-சி என்ற சீன மென்பயிற்சி, வேக நடை, யோகா மூன்றுக்கும் ஓரளவு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. ஹாங்காங்கில் 138 பேரை வைத்து 2019-இல் வந்த ஆய்வில் யோகா அசைவுக்கு வழக்கமான உடற்பயிற்சி அளவுக்கே உதவியது, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அதைவிட அதிகமாக உதவியது. மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கிற நேரத்தில், காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு, அப்பாவை நீளமாக எட்டு வைத்து, கையை வீசி, கொஞ்சம் மூச்சு வாங்கும் அளவுக்கு நடக்கவையுங்கள். கதவு நிலையில் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் இழுக்காதீர்கள். தரையில் ஒரு கோடு போட்டு அதைத் தாண்டச் சொல்லுங்கள், அல்லது ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுங்கள், கால் கிளம்பிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கேரளா போகத்தான் வேண்டும் என்றால் போங்கள், நல்ல இடங்கள் நிறைய இருக்கின்றன. போகும் முன் போனில் கேளுங்கள்: சின்டோபா அதே நேரத்தில் அதே அளவில் தொடருமா, தருகிற ஒவ்வொரு மருந்தின் பெயரும் எழுத்தில் கிடைக்குமா, பூனைக்காலி இருக்கிறதா, ரச மருந்து இருக்கிறதா, தினமும் படுத்தும் நின்றும் பிரஷர் பார்ப்பார்களா, இரவில் அவசரம் என்றால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி. மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். மருந்துப் பட்டியல் கைக்கு வந்ததும் அதை நரம்பியல் மருத்துவருக்குக் காட்டுங்கள், திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். ஏழு நாள் உள்நோயாளியாக ஆரம்பித்துப் பாருங்கள், 28 நாளுக்கு முன்பணம் கட்ட வேண்டாம். மூன்று விஷயங்களை நீங்கள் எழுதவில்லை: அப்பாவுக்கு விழுங்கும்போது இருமல் வருகிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா, நோய் வருவதற்கு முன்னால் தலைசுற்றலுக்கோ மனநலத்துக்கோ வாந்திக்கோ ஏதாவது மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டாரா. அதைச் சொன்னால் எந்தச் சிகிச்சை அவருக்கு ஆகும், எதைத் தொடவே கூடாது என்று இன்னும் குறிப்பாக எழுதுகிறேன்.